முனை மழுங்கியது

தார்த்து நகரத்து மருத்துவமனை
குழந்தைகள் பிரிவுக்கு எழுத்துரு கேட்டது.
"பயமுறுத்தாததாக இருக்கட்டும்."
அவ்வளவுதான் குறிப்பு.
கீழே ஒரு தொகை, சுமாரானது.

பதினான்கு மாதம் வரைந்தேன்.

ஒரு கோட்டின் முனையை உருட்டிவிட்டால்
கோடு குள்ளமாகிவிடும்.
அளவுகோல் அதே உயரம்தான் என்று சாதிக்கும்,
கண் ஒப்புக்கொள்ளாது.
கண்ணைச் சமாதானப்படுத்த
மயிரிழை நீட்டினேன்.

அசல் அரைவட்டம் வைத்தாலோ
முனை வீங்கிப்போகும்
தீக்குச்சித் தலை மாதிரி.
ஆகவே உச்சியில் லேசாக அமுக்கிய
பொய் வட்டம்.
வட்டமாகத் தெரிய வேண்டுமென்றால்
வட்டமாக இருக்கக் கூடாது.
இதை என் மேசைவிளக்குக்கு மட்டும் சொல்லி வைத்தேன்.

வெளியே எல்லாம் உருண்டை.
இரண்டு கோடுகள் சேரும் அக்குளில் மட்டும்
கூராக ஒரு வெட்டு,
மை தேங்காமலிருக்க.
அதை யாரும் பார்ப்பதில்லை,
பார்க்கவும் வேண்டாம்.

சின்ன எல்லும் எண் ஒன்றும்
இரட்டைப் பிள்ளைகள்.
மருந்துச் சீட்டில் ஒரு லிட்டர்
பதினொன்றாகிவிட்டால் என்ன ஆவது?
எல்லுக்கு வால் வைத்தேன்.

எங்கள் மொழியில் ஒரு ஓ-வுக்குத்
தலைமேல் சின்ன அலை உண்டு.
அதன் இரண்டு நுனியையும் உருட்டினேன்,
புழுவாகிவிட்டது.
மூன்று வாரம்
அந்தப் புழுவோடுதான் படுத்தெழுந்தேன்.

திறப்பு நாளில் போனேன்.
சொட்டுமருந்துக் கம்பத்தைப் பிடித்தபடி ஒரு பையன்
கதவிலிருந்த ஆறின் வயிற்றுக்குள்
சுண்டுவிரலை விட்டுக்கொண்டிருந்தான்.
விரல் மாட்டிக்கொண்டது.
செவிலி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.
அவன் சிரித்த சிரிப்பில்
என் பதினான்கு மாதமும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

பிறகு மற்றவர்கள் வாங்கினார்கள்.
கேஃபிர் பெட்டி, கார் ஓட்டும் பள்ளி,
நாய் குளிப்பாட்டும் கடை,
பல் மருத்துவர் இருவர், ஒருவருக்கொருவர் பேசாதவர்கள்.
"மற்ற எழுத்துகள் நிமிர்ந்து நிற்கும் இடத்தில்
இது தலை சாய்த்துப் பேசும்."
விற்பனைக் குறிப்பில் நானே எழுதிய வரி.
பணமும் வந்தது. குறை சொல்லவில்லை.

அக்டோபர் கடைசி.
கீழ்வீட்டு ஹெய்கி கதவைத் தட்டினான்,
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை,
புருவத்தில் இன்னும் மாவு.
"உன் வீட்டில் விளக்கு எரிகிறதா, வீர்வெ?"
எரிந்தது.
அவன் கையில் மூன்று கடிதம்.
"தள்ளுபடிக் கூப்பன் என்று நினைத்து
குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன்.
பார், எவ்வளவு நட்பாக இருக்கிறது."

பார்த்தேன்.
மின்வாரியம்.
முதல் நினைவூட்டல். இரண்டாவது. கடைசி.
பதினான்கு நாட்களுக்குள் கட்டத் தவறினால்.
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ,
இரண்டின் கழுத்து நான் வளைத்த வளைவு.
ஒவ்வொரு முனையும் ஒழுங்காக உருண்டிருந்தது.
துண்டிப்பு என்ற சொல்லில்கூட
விரலில் குத்தும் இடம் ஒன்றுமில்லை.

என்னுடையது என்று அவனிடம் சொல்லவில்லை.
பால்கனி வழியாக நீட்டிப்பு வயரை இறக்கினேன்.

அன்றிரவே மின்வாரியத்துக்கு எழுதினேன்:
இந்த எழுத்தில் இதைச் சொல்லாதீர்கள்.
நாலாம் நாள் பதில்.
"தங்கள் எழுத்துரு வந்தபின்
கோபமான அழைப்புகள்
நூற்றுக்குப் பதினேழு குறைந்துள்ளன.
மனமார்ந்த நன்றி."
அதே எழுத்தில்.

கோப்பைத் திறந்தேன்.
நகம் வெட்டுவதுபோல
முனைகளை ஒவ்வொன்றாக நறுக்கிப் பார்த்தேன்.
ஆறு வந்ததும்
சுண்டுவிரல் ஞாபகம் வந்து
கை நின்றது.

சேமிக்கவா, வேண்டாமா என்று கேட்டது திரை.
அந்தப் பெட்டிக்கும்
நான்கு மூலையும் உருண்டை.

பால்கனியில் வயர் இரண்டுமுறை அசைந்தது.
கெட்டில் கொதித்துவிட்டதாம்,
பிடுங்கிக்கொள்ளலாமாம்.